வெளிச்சத்துக்கும் வரி கேட்டார்கள்!

மாதம் பிறந்து நாலைந்து நாளில் பல வீடுகளில் நடக்கிற சின்னப் பஞ்சாயத்து இது. வைஃபை பில் போனில் வந்து விழும். "499 ரூபாய்னுதானே சொன்னே? 588 ரூபாய் 82 காசு எப்படி வந்துச்சு?" என்று அப்பா கேட்பார். "அது ஜி.எஸ்.டி.ப்பா" என்று பிள்ளை தலையைத் தூக்காமல் சொல்லும். "என் போனுக்கு 299-னு போட்டிருந்தான், 299தான் எடுத்தான். அதுக்கு மட்டும் வரி இல்லையா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து ஒரு கேள்வியைப் போடுவார். அதற்குப் பிள்ளையிடம் பதில் இருக்காது.

அம்மாவின் கேள்விதான் சரியான கேள்வி. அந்த 299 ரூபாயிலும் வரி இருக்கிறது. கணக்குப் போட்டால் 45 ரூபாய் 61 காசு. வெளியே தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். போன் ரீசார்ஜுக்கு வரியைச் சேர்த்தே விலை சொல்கிறார்கள். வீட்டுக்கு ஒயர் இழுத்துக் கொடுக்கிற இணைப்புக்கு வரியை வெளியே வைத்து விலை சொல்கிறார்கள். பெரிய எழுத்தில் 499, பக்கத்தில் கடுகு அளவில் 'ஜி.எஸ்.டி. தனி'. எது மலிவு என்று ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கிற குடும்பத் தலைவிக்கு இரண்டு தராசைக் கையில் கொடுத்தது போல.

இரண்டுக்கும் வரி விகிதம் ஒன்றுதான், 18 சதவீதம். காண்பிக்கிற விதம்தான் வேறு. இதற்கே இவ்வளவு குழப்பம் என்றால், ஒயருக்கு ஒரு வரி, சிம்முக்கு ஒரு வரி, கண்ணாடி இழைக்கு இன்னொரு வரி என்று இருந்திருந்தால்? அப்படி ஆகிவிடக்கூடிய நிலைமை நம் பக்கத்து மாநிலத்திலேயே வந்தது. கோர்ட்டுக்குப் போய்த்தான் அது நின்றது.

அந்தக் கதைக்குப் போகும் முன் ஒரு பழைய ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை நாட்டில் வரி போடும் உரிமை பங்கு பிரிக்கப்பட்டிருந்தது. பொருள் விற்றால் அதற்கு விற்பனை வரி, அது மாநில அரசுக்கு. சேவை செய்தால் அதற்குச் சேவை வரி, அது மத்திய அரசுக்கு. கடையில் மிக்ஸி வாங்கினால் வரி சென்னைக்கு. அதே மிக்ஸி ரிப்பேராகி, ஆள் வந்து சரி செய்து கூலி வாங்கினால், அந்தக் கூலிக்கான வரி டெல்லிக்கு.

சேவை வரி 1994-ல்தான் பிறந்தது. அப்போது அது 5 சதவீதம். முதலில் பிடிபட்ட மூன்று சேவைகளில் ஒன்று டெலிபோன். மற்ற இரண்டும் பங்குத் தரகும் பொதுக் காப்பீடும். பிறகு வருடத்துக்கு வருடம் பட்டியல் நீண்டது. 2015-ல் 14 சதவீதம், அதன்மேல் தூய்மை இந்தியா வரி, விவசாய நல வரி என்று ஏறி 2016 ஜூனில் 15 சதவீதத்தில் வந்து நின்றது.

இன்டர்நெட் இதில் எந்தப் பக்கம்? மோடத்தை விலைக்கு வாங்கினால் அது பொருள், சந்தேகமில்லை. மாதக் கட்டணம் சேவை என்று மத்திய அரசு வரி வாங்கியது. வீதிக்கு வீதி இணைப்பு பெருகுகிறது, பணம் கோடிக்கணக்கில் புரள்கிறது, வரி முழுவதும் டெல்லிக்குப் போகிறது. மாநில வணிக வரித் துறைகள் எத்தனை நாள் வேடிக்கை பார்க்கும்?

அவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. 1982-ல் அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்திருந்தது. பொருளை விற்காமல், பயன்படுத்தும் உரிமையை மட்டும் கைமாற்றிக் கொடுத்தாலும் அதை விற்பனையாகக் கருதி மாநிலம் வரி போடலாம் என்றது அந்தத் திருத்தம். ஷாமியானா, பாத்திரம் வாடகைக்கு விடுவதெல்லாம் இந்த வலையில் வரும். உடனே சில மாநிலங்கள் டெலிபோனைப் பார்த்தன. வீட்டில் இருக்கிற போன் இலாகாவுக்குச் சொந்தம், வாடகை கட்டித்தானே பேசுகிறீர்கள், எடுங்கள் வரியை என்றன. உத்தரப் பிரதேசம் இதில் முன்னால் நின்றது. 2003-ல் உச்ச நீதிமன்றமும் அதற்குச் சாதகமாகவே சொன்னது.

மூன்று வருடம் கழித்து அதே உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 2006 மார்ச் 2-ம் தேதி பி.எஸ்.என்.எல். வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. நீதிபதி ரூமா பால் தலைமையிலான அந்த அமர்வில் நம் தேவகோட்டைக்காரரான நீதிபதி ஏ.ஆர். லட்சுமணனும் இருந்தார். (பின்னாளில் முல்லைப் பெரியாறு குழுவில் தமிழ்நாட்டின் சார்பில் உட்கார்ந்த அதே லட்சுமணன்.) போனில் குரலைச் சுமந்து போகிற மின்காந்த அலையை யாரும் பிடித்து வைக்க முடியாது, வாங்கிப் பெட்டியில் பூட்ட முடியாது, பயன்படுத்தியதால் அது தீர்ந்தும் போவதில்லை. அது செய்தி போகிற வழிதானே தவிர விற்கப்படுகிற சரக்கு அல்ல. டெலிபோன் இணைப்பு என்பது சேவைதான் என்று முடித்தார்கள். சிம் கார்டு பொருளா, சேவையின் ஒரு பகுதியா என்பதை மட்டும் தனியே ஆராய வேண்டும் என்று விட்டுவைத்தார்கள். ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டுக்காகக் கேரளத்தில் தொடங்கிய வழக்கு 2011 வரை இழுத்தது தனிக் கதை.

அலை இல்லை என்றாகிவிட்டது. சரி, வெளிச்சம்?

இங்கேதான் கர்நாடக வணிக வரித் துறை வருகிறது. அப்போது பெங்களூரில் ஒளியிழை கேபிள் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. தலைமுடி அளவுக்கு மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் லேசர் வெளிச்சம் கண்சிமிட்டுவது போல அணைந்து அணைந்து எரியும். அந்தச் சிமிட்டல்தான் நம் சினிமாவும் பாட்டும் பேங்க் கணக்கும். அதிகாரிகள் இதைப் பார்த்தார்கள். மின்சாரம் ஒரு பொருள்தான் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லியிருக்கிறது. மின்சாரமும் ஆற்றல், வெளிச்சமும் ஆற்றல். இயற்கையாக வந்த வெளிச்சமும் இல்லை இது, கம்பெனி செலவு செய்து செயற்கையாக உண்டாக்கியது. ஆகவே ஏர்டெல் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்குச் 'செயற்கையாக உருவாக்கப்பட்ட ஒளி ஆற்றலை' விற்கிறது, அதற்கு மதிப்புக் கூட்டு வரி கட்ட வேண்டும் என்று கணக்குத் தீட்டினார்கள்.

படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் வாதத்தில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அலைக்குப் பொருந்திய பதில் வெளிச்சத்துக்கும் பொருந்துமா என்பது அப்போது உண்மையிலேயே யோசிக்க வேண்டிய விஷயமாக இருந்தது. அலை காற்றில் தானாகப் பரவுகிறது. வெளிச்சமோ கம்பெனிக்குச் சொந்தமான இழைக்குள், கம்பெனி எரித்தால் எரிகிறது, அணைத்தால் அணைகிறது.

நிறுவனம் சொன்னது எளிமையானது. வாடிக்கையாளர் எங்களிடம் வெளிச்சம் கேட்டு வரவில்லை, தகவல் போய்வர வழி கேட்டு வருகிறார். அந்தச் சேவைக்கு ஏற்கெனவே மத்திய அரசுக்கு வரி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

2011 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. வெளிச்சம் இங்கே தகவலைச் சுமக்கும் வாகனம் மட்டுமே. யாரும் அதை விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. நடந்தது சேவை. சேவைக்கு விற்பனை வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. பஸ்ஸில் மதுரைக்கு டிக்கெட் எடுத்தவரிடம், டீசலை வாங்கினீர்களே, அதற்கு வரி எங்கே என்று கேட்க முடியாதல்லவா?

சட்டக்காரர்களுக்கு இது அதிகாரத் தகராறு. வீட்டுக்காரர்களுக்கு வேறு விதத்தில் முக்கியம். அந்த வரி நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2011-ல் பெரும்பாலான வீடுகளுக்கு இன்டர்நெட் பழைய டெலிபோனின் செம்புக் கம்பி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதற்குச் சேவை வரி 10.3 சதவீதம் மட்டும். ஒளியிழை இணைப்புக்கோ அதே சேவை வரி, அதன் தலைமேல் மாநிலத்தின் விற்பனை வரி. அதாவது எது வேகமானதோ, எது புதியதோ, அதற்கு இரண்டு வரி. எந்த நிறுவனம் கடன் வாங்கி, ரோட்டைத் தோண்டி, புது கேபிள் போட்டதோ அதன் பில் கூடும். பழைய கம்பியை வைத்துக்கொண்டு சும்மா இருந்த நிறுவனம் "எங்களிடம் மலிவு" என்று விளம்பரம் செய்யலாம். அவர்கள் திறமையால் வந்த மலிவா அது? (செம்புக் கம்பியில் ஓடுவது மின்சாரமாயிற்றே, அதை மட்டும் விட்டுவைத்திருப்பார்களா என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம்தான்.)

இன்னொன்றும் உண்டு. அந்த வரி கர்நாடகத்தில் மட்டும்தான். ஒசூரில் இருப்பவருக்கு ஒரு பில், எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் இருப்பவருக்கு வேறு பில். இரண்டு ஊருக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான் தூரம். வெளிச்சம் அந்தத் தூரத்தைக் கடக்கிற நேரத்தைச் சொல்ல நம்மிடம் வார்த்தையே இல்லை.

இதே தகராறு அமெரிக்காவில் வேறு வேஷத்தில் இன்னும் முன்பே நடந்து முடிந்திருந்தது. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேறு. இன்டர்நெட் இணைப்புக்கு வரி போட்டால் அது முளையிலேயே கருகிவிடும் என்ற பயத்தில், 1998 அக்டோபரில் அதிபர் கிளின்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். இன்டர்நெட் இணைப்புக்கு மாநிலங்கள் புதிதாக வரி போடக் கூடாது, மூன்று வருடத்துக்கு. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த மாநிலங்கள் மட்டும் தொடரலாம்.

நல்ல சட்டம்தான், ஆனால் ஓர் ஓட்டை. தொலைத்தொடர்புச் சேவைக்கு இந்தத் தடை பொருந்தாது என்று அதில் இருந்தது. 1998-ல் அது பெரிதாகத் தெரியவில்லை. எல்லாரும் போனில் டயல் செய்து, 'கீ... கர்...' என்று மோடம் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்த காலம். நாலைந்து வருடத்தில் நிலைமை மாறியது. டெலிபோன் கம்பெனிகள் டி.எஸ்.எல். என்ற அகலப்பாட்டையைக் கொண்டுவந்தன. டி.வி. கேபிள் கம்பெனிகள் தங்கள் கேபிளிலேயே இன்டர்நெட் கொடுத்தன. 2002-ல் அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம், கேபிள் வழி வருவது தகவல் சேவை, தொலைத்தொடர்பு அல்ல என்று அறிவித்தது. டெலிபோன் வழி வருவதற்கு அப்படி எதுவும் சொல்லவில்லை.

விளைவு? பல மாநிலங்கள் டி.எஸ்.எல். கட்டணத்தில் ஒரு பகுதியைத் தொலைத்தொடர்பு என்று பிரித்து வரி வாங்கின. கேபிள் இன்டர்நெட்டுக்கு அந்த வரி இல்லை. ஒரே தெரு, அடுத்தடுத்த வீடு, திரையில் அதே பக்கம்தான் திறக்கிறது. சுவரில் நுழைகிற ஒயர் வேறு என்பதால் ஒருவருக்கு வரி, இன்னொருவருக்கு இல்லை. உதாரணத்துக்கு மாதம் 40 டாலர் கட்டணம் முழுவதற்கும் 6 சதவீத வரி என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 28 டாலர் 80 சென்ட் வித்தியாசம். இந்தத் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் கம்பெனி மாற அவ்வளவு போதும்.

அதைச் சரி செய்ய 2004 டிசம்பரில் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. இன்டர்நெட் கொடுப்பதற்காகப் பயன்படுகிற தொலைத்தொடர்பும் தடைக்குள் அடங்கும், ஒயர் எதுவானாலும் விதி ஒன்றே என்று திருத்தினார்கள். 1998-ல் மூன்று வருடத்துக்கு என்று வந்த தடை, திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு, 2016-ல் நிரந்தரமாகிவிட்டது. பழைய வரியைத் தொடரச் சலுகை பெற்றிருந்த கடைசி மாநிலங்களுக்கும் 2020 ஜூன் 30-ம் தேதியோடு கெடு முடிந்தது.

அந்தக் கடைசி மாநிலங்களில் டெக்ஸஸும் ஒன்று. 1999 முதல் அங்கே ஒரு சுவாரஸ்யமான ஏற்பாடு இருந்தது. மாதக் கட்டணத்தில் முதல் 25 டாலருக்கு வரி இல்லை, அதற்கு மேல் போனால் மேலே உள்ளதற்கு மட்டும் வரி. ஒயர் எது என்று கேட்கவில்லை. யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தார்கள். 20 டாலர் இணைப்பு வைத்திருந்த சிறிய குடும்பத்துக்கு வரியே கிடையாது. நம் ஊரில் வீட்டு மின்சாரத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்கிற மாதிரி. வரியை எழுதிய கைகளில் கொஞ்சம் ஈரம் இருந்தது என்று தோன்றுகிறது.

சரி, நம் ஊருக்குத் திரும்புவோம். வெளிச்சம் பொருளா சேவையா என்ற சண்டையை 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து ஒரேயடியாக முடித்துவிட்டது. எந்தக் கட்சி ஜெயித்தது? இரண்டும்! பில்லைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். சி.ஜி.எஸ்.டி. 9 சதவீதம், எஸ்.ஜி.எஸ்.டி. 9 சதவீதம் என்று இரண்டு வரி இருக்கும். முதல் பாதி மத்திய அரசுக்கு, அடுத்த பாதி மாநில அரசுக்கு. வெளிச்சத்துக்குக் கை நீட்டி வெறுங்கையோடு திரும்பிய மாநிலம், இன்று சத்தமில்லாமல் பாதியை வாங்கிக்கொள்கிறது. சண்டை போட்ட அண்ணன் தம்பி சமாதானமாகிவிட்டார்கள். விருந்துச் செலவு மட்டும் 15-லிருந்து 18 ஆகி, வாடிக்கையாளர் தலையில் விழுந்தது.

விகிதம் ஒன்றாகிவிட்டதால் போட்டி சமமாகிவிட்டதா? முழுக்க இல்லை. வரி இரண்டு இடத்தில் விளையாடும். விற்கும்போது, அது கண்ணுக்குத் தெரியும். வாங்கும்போது, அது தெரியாது.

ஜி.எஸ்.டி.யில், வியாபாரி சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது வசூலித்த வரியில் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டினால் போதும். ஆனால் செல்போன் டவருக்கு அந்தக் கழிவு கிடையாது என்று சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறார்கள். மண்ணுக்கடியில் ஒளியிழை கேபிள் போடக் குழாய் பதிக்கிறார்களே, அதற்கும் கிடையாது என்று சில அதிகாரிகள் கிளம்பினார்கள். 2024 ஜூனில் மத்திய மறைமுக வரி வாரியம் ஒரு சுற்றறிக்கை போட்டு, குழாய்க்கும் அதன் ஆள்நுழை குழிக்கும் கழிவு உண்டு என்று தெளிவுபடுத்தியது. ஆக, மண்ணுக்குள் போகிற இன்டர்நெட்டுக்குக் கழிவு உண்டு, வானத்தில் போகிற இன்டர்நெட்டின் டவருக்கு இல்லை!

டவர் கழற்றி மாட்டக்கூடிய பொருள், கட்டடம் மாதிரி நிலத்தோடு ஒட்டியது அல்ல, ஆகவே கழிவு தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய மாதம்தான் உச்ச நீதிமன்றம், பழைய சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கொன்றில் டவரை நகர்த்தக்கூடிய பொருள் என்று சொல்லியிருந்தது. பெங்களூரில் வெளிச்சம் பொருள் இல்லை என்றதால் கம்பெனி பிழைத்தது. டெல்லியில் டவர் பொருள்தான் என்றதால் பிழைத்தது. வக்கீல்களுக்கு எப்படியும் பிழைப்பு.

பெரிய நிறுவனங்களிடம் டவரும் இருக்கிறது, கேபிளும் இருக்கிறது. ஒரு பையில் போனதை இன்னொரு பையில் ஈடு கட்டிக்கொள்வார்கள். அடிபடுவது சிறியவர்.

தெருவுக்குத் தெரிந்த கேபிள்காரரை எடுத்துக்கொள்வோம். மழையில் ஒயர் அறுந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கும் ஏணியோடு வருகிறவர். இவர்களில் பலர் ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் முகவராக இருக்கிறார்கள். பில் நிறுவனத்தின் பெயரில் போகும், முதல் ரூபாயிலிருந்தே 18 சதவீதம், இவருக்குப் பங்கு. சிலர் சொந்தமாக உரிமம் வாங்கி, தன் பெயரிலேயே பில் போட்டு நடத்துகிறார்கள். அவர்கள் கணக்கு வேறு.

சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. மாதம் 500 ரூபாய் வீதம் 333 வீடு வைத்திருந்தால் வருடத்துக்கு 19 லட்சத்து 98 ஆயிரம். வரி வசூலிக்க வேண்டாம். 334-வது வீட்டுக்காரர் வந்து "எங்க வீட்டுக்கும் ஒரு கனெக்‌ஷன் குடுங்கண்ணே" என்று கேட்டால்? 20 லட்சத்து 4 ஆயிரம். கோட்டைத் தாண்டியாயிற்று. இனி 500 ரூபாயை 590 ஆக்க வேண்டும். இல்லையென்றால் அதே 500-க்குள் 76 ரூபாய் 27 காசை வரியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் பிழைக்க வேண்டும். 50 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 6 சதவீதம் கட்டுகிற தொகுப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதை வாடிக்கையாளரிடம் தனியாகக் கேட்க முடியாது, கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். வாங்கும்போது கொடுத்த வரியையும் கழிக்க முடியாது.

கோட்டுக்குக் கீழேயே இருந்துவிடலாம் என்றால், அதிலும் ஒரு முள். சிறியவர் இன்டர்நெட்டை மொத்தமாக எங்கிருந்தோ வாங்கித்தான் ஆக வேண்டும். அதை விற்பவர் பெரும்பாலும் பெரிய நிறுவனம். அதே தெருவில் இவரோடு போட்டி போடுகிற நிறுவனமாகவும் இருக்கலாம். வாங்கும்போது 18 சதவீதம் கட்டுகிறார். பதிவு இல்லாததால் அதைக் கழிக்க முடியாது. வரி இல்லாதவர் என்று பெயர், ஆனால் கொள்முதலில் வரி கட்டிக்கொண்டே இருக்கிறார். பெரிய நிறுவனத்துக்கோ சொந்த கேபிள், சொந்தச் சரக்கு.

இந்த 20 லட்சக் கோடு தையல்காரருக்கும் டைப்பிங் சென்டருக்கும் நினைத்துப் போட்டது. அவர்களுக்கு அது நல்ல காரியம்தான். தெருவுக்கு இன்டர்நெட் கொடுப்பவருக்கு அந்தச் சட்டை பொருந்தவில்லை. சிறியவர் கடையை மூடினால் யாருக்கு நஷ்டம் என்பதை, இரண்டே கம்பெனி மட்டும் கேபிள் போட்டிருக்கிற ஊர்களில் இருப்பவர்களிடம் கேட்டால் தெரியும். கட்டணம் ஏறினாலும் போக வேறு இடம் இருக்காது.

வாங்குகிறவர்களிலும் இரண்டு ஜாதி உண்டு. ஜி.எஸ்.டி. பதிவுள்ள அலுவலகம் இன்டர்நெட் பில்லுக்குக் கட்டிய 18 சதவீதத்தைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும். அதற்கு 499 என்றால் 499தான். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்காக வைஃபை போட்ட வீட்டுக்கு அது 588 ரூபாய் 82 காசு. கொரோனாவில் வீடே பள்ளிக்கூடமான 2020-லும் அந்த 18 அசையவில்லை. 2025 செப்டம்பரில் வரி அடுக்குகளைக் குறைத்து, சோப்பு, பற்பசையெல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கியபோதும் இது இறங்கவில்லை. அச்சிட்ட புத்தகத்துக்கும் செய்தித்தாளுக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. அதே செய்தியைப் போனில் படிக்கச் செலவாகிற டேட்டாவுக்கு 18. வீட்டு மின்சாரத்துக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. இன்டர்நெட் இன்று மின்சாரத்தின் வரிசையில் இருக்கிறதா, ஏ.சி. மிஷினின் வரிசையில் இருக்கிறதா? ஏ.சி.யும் இப்போது 18-ல்தான் இருக்கிறது.

அப்பா கேட்ட கேள்விக்கும் அம்மா கேட்ட கேள்விக்கும் வருவோம். அடுத்த முறை ஒயர் இணைப்பையும் ரீசார்ஜையும் ஒப்பிடும்போது, வரி வெளியே வைத்துச் சொன்ன விலையை 1.18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். போனிலேயே கால்குலேட்டர் இருக்கிறது. 399 என்றால் 470 ரூபாய் 82 காசு. 999 என்றால் 1,178 ரூபாய் 82 காசு. தெருக் கேபிள்காரர் 'எல்லாம் சேர்த்து 500' என்று சொன்னால், அதை 499-ஓடு ஒப்பிடாதீர்கள், 588-ஓடு ஒப்பிடுங்கள். யார் மலிவு என்பது அப்போதுதான் தெரியும்.

பில்லைத் திறந்ததுதான் திறந்தீர்கள், கீழே ஓரமாக ஆறு இலக்கத்தில் ஓர் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 998422. சேவைகளுக்கு அரசு கொடுத்திருக்கிற குறியீட்டு எண்களில், இன்டர்நெட் இணைப்புக்கு உரியது அது. அரசின் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே ஒயர் வழியும், ஒயர் இல்லா வழியும் ஒரே வரியில் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன.